பச்சைப் பெட்டியைப் பார்த்தாயா?

"பச்சப் பெட்டியப் பாத்தியா?"

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இந்தக் கேள்விக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. சூப்பர்வைசர் பயப்படுவார், மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் அண்ணன் பயப்படுவார், கேன்டீன் சமையல்கார அம்மா கரண்டியை ஓங்குவார். கேட்கிறவர் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் மூத்தவர். எல்லோரும் அவரை அக்கா என்போம். இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். அவர் பெயரைக் கம்பெனி கேட்டில் வைத்து ஒருமுறை நாறடித்தாயிற்று. அதற்குக் காரணம் நான். அந்தப் பெயரை மறுபடியும் தெருவுக்குக் கொண்டுவர எனக்கு வாய் வரவில்லை.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மத்தூர்ப் பக்கம் சொந்த ஊர் என்பார். இரண்டு முறை அங்கே போய் விசாரித்தேன். ஒல்லியாக, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர் என்று அடையாளம் சொன்னால் யார்தான் கண்டுபிடித்துத் தருவார்கள்?

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களை இணைக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் எங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்புப் பெட்டி, நன்றாக இருந்தால் பச்சைப் பெட்டி. எத்தனை போனது என்று பக்கத்தில் ஒரு தாளில் கோடு போட வேண்டும். நான்கு கோடு நட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம்.

ஒருமுறை சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளி. சூப்பர்வைசர் வந்து கிளறினார். "எல்லாம் புது மூட்டை மெட்டீரியல். மூட்டைதான் கோளாறு, திருப்பி அனுப்பு" என்றார். அக்கா தலையைத் தூக்காமல் கேட்டார், "பச்சப் பெட்டியப் பாத்தீங்களா சார்?" பார்த்தால் அதிலும் அதே மூட்டையின் துண்டுகள், நூற்றுக்கணக்கில், ஒரு புள்ளிகூட இல்லாமல். மூட்டைமேல் தப்பு என்றால் இவை எப்படிப் பிழைத்தன? கடைசியில் தப்பு ஒரு மெஷினின் சூட்டில் இருந்தது. சூப்பர்வைசர் ஒரு வாரம் எங்கள் மேசைப் பக்கமே வரவில்லை.

"கெட்டுப் போனதை மட்டும் பாத்துக்கினு காரணம் சொல்லக் கூடாது புள்ள. கெடாததையும் அதே கேள்வி கேக்கணும்" என்பார் அக்கா. இதைத் தொழிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கம்பெனியில் பரிசு கொடுத்திருப்பார்கள். அவர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்.

டீ நேரத்தில் பிட்டர் அண்ணன் ஒரு நாள் நிலாவை எடுத்தார். மனிதன் நிலாவுக்குப் போனதெல்லாம் செட்டிங் என்றார். "கொடி ஆடுதும்மா. காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படி ஆடும்? வீடியோல பாத்தேன்." ஸ்டோர்ஸில் இருந்த டிப்ளமா பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்றான். பிட்டர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

அக்கா முதலில் அண்ணனிடம் திரும்பினார். "கொடி ஆடுச்சுன்னு பாத்தீங்க. ஆடினது எப்ப நின்னுச்சு, யாரும் தொடாதப்பவும் ஆடுச்சா, அதைப் பாத்தீங்களா?" அவர் பார்க்கவில்லை. வீடியோவே அரை நிமிடம்தான். நாங்கள் சிரித்தோம். பையன் ரொம்பவே சிரித்தான். உடனே அக்கா அவனைப் பிடித்தார். "நீ சொல்றது சரின்னுதான் நானும் நெனைக்கிறேன் தம்பி. ஆனா உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல இருக்குதுக்கா."

"அவரு வீடியோல பாத்தேங்கறாரு, நீ புத்தகத்துல பாத்தேங்கற. ரெண்டும் வேறன்னா எப்படி வேற?"

அவன் முகம் சிவந்து எழுந்து போய்விட்டான். ஆனால் நல்ல பையன். ஒரு வாரம் கழித்து வந்து நின்றான். நிலாவிலிருந்து கொண்டுவந்த கற்களை வெவ்வேறு நாட்டுக்காரர்களும் வாங்கிச் சோதித்திருக்கிறார்கள், நிலாவுக்குப் போனவர்களோடு போட்டி போட்டுத் தோற்ற நாடுகூடப் பொய் என்று சொல்லவில்லை என்றான். அக்காவுக்கு அன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. ஆகாதவன் வாயால ஒத்துக்கிட்டா அதுக்கு எடை ஜாஸ்தி."

சாமி நம்பிக்கை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற வேதக்காரர் அவர். ஆனால் சொந்தக்காரப் பெண் ஒருத்தி சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் என்று கூட்டிப்போன இடத்தில், மேடையில் ஒருவர் மூட்டு வலி போன சாட்சியைச் சொல்லி முடித்ததும், பக்கத்தில் நின்ற ஊழியக்காரரிடம் இவர் கேட்டாராம்: "போன மாசம் வந்துட்டு வலியோட திரும்பினவங்க சாட்சி சொல்ல மேடை உண்டுங்களா?" அதோடு அந்த உறவு முறிந்தது.

"அப்ப சாமி இருக்குதா இல்லையாக்கா?" என்று நான் சீண்டினேன்.

"அதுக்குப் பச்சப் பெட்டி எங்க வெச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியாதுன்னு வெச்சிருக்கேன். ஜெபம் பண்ணினா எனக்கு மனசு அடங்குது. அது மட்டும் தெரியும்."

இப்படிப்பட்டவரோடு எனக்கு ஒட்டுதல் ஏற்பட்டது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். பாகலூரில் மாமியார் வீட்டில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன். வீட்டுக்கு வெளியே அதை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் சூரிய கிரகணம் வந்தது, பட்டப்பகலில். மாமியார் லீவு போடச் சொன்னார். லோடு ஏற்றும் வாரம், சூப்பர்வைசர் முடியாது என்றுவிட்டார். "கம்பெனிக்குள்ளயே இரு. வெயில் மேல பட வேணாம். கத்தி, ஊசி தொடாத" என்று மாமியார் ஆயிரம் பத்திரம் சொல்லி அனுப்பினார். கிரகணத்தில் வெளியே வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிரகணம் பிடித்ததும் லைன் தானாக நின்றுவிட்டது. கேன்டீன் அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, உலக்கையை நட்டு நிறுத்தினார். எந்தப் பிடிமானமும் இல்லாமல் அது நின்றது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிரகணம் விட்டால் தானாக விழும் என்றார் அந்த அம்மா.

நான் ஜன்னல் ஓரத்தில் நின்றேன். வெளியே புங்க மரத்தடியில் அக்கா தனியாகக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனைப் பார்க்கவில்லை, அதைப் பார்த்தால் கண் போகும் என்று எங்களுக்கும் சொல்லியிருந்தார். இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக இருந்தன. சிமென்ட் தரை முழுக்க நூறு பிறை. எனக்கு அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது. சொல்லப்போனால் துடித்தது.

கதவருகே போய்க் கேட்டேன். "அக்கா, நான் வரலாமா?"

அவர் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் என் பாடு சுலபமாகப் போயிருக்கும். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆவாது. ஆனா நான் எல்லாரையும் கேட்டவ இல்ல. உனக்குப் பயமா இருந்தா உள்ளயே இரு புள்ள" என்றார்.

நானாகத்தான் போனேன். மரத்தடியில் கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு பிறை விழுந்தது. இன்னொரு கையையும் நீட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஐந்து நிமிடம் இருந்திருப்பேன்.

அடுத்த வாரம், கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு புதன்கிழமை. அக்கா அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நட்டார். அடியை நன்றாக அமர்த்திக் கையை எடுத்தார். நின்றது. சாப்பாட்டு நேரம் முடியும்வரை நின்றது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் சந்தோஷப்படவில்லை. கேன்டீன் அம்மா அன்று முதல் அக்காவுக்கு அடிப்பிடித்த சோற்றையே வைத்தார். நான் மட்டும் கை தட்டினேன்.

என் மகள் பிறந்தபோது மேல் உதடு மூக்குவரை பிளந்திருந்தது.

நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியதும் மாமியார் "அய்யோ தேவுடா" என்று சுவரில் சாய்ந்தார். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: உதடு இரண்டாம் மாதத்திலேயே கூடிவிட வேண்டும், இதற்குக் கூடவில்லை, ஏன் என்று ஒரே காரணம் சொல்ல முடியாது, தைத்துச் சரி செய்யலாம். எங்கள் காதில் இரண்டாம் மாதம் என்பது மட்டும்தான் விழுந்தது.

"கிராணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்றார் மாமியார். என் கணவர் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் பிள்ளையோடு பேரிகைக்கு, என் அம்மா வீட்டுக்கு, அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. பால்கூட உறிஞ்சத் தெரியாத பிள்ளை மடியில் கிடந்தது.

"அந்த அக்காதான் கையப் புடிச்சு இழுத்துக்கினு போனாங்க" என்றேன்.

மூன்றாம் நாள் மாமியார் கம்பெனி கேட்டுக்குப் போனார். ஷிப்ட் விடுகிற நேரம். அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, மண்ணை வாரித் தூற்றினாராம். "உன் வேதத்துல கிராணம் இல்லன்னா உன்னோட வெச்சுக்கோடி! எம் பேத்தி மூஞ்சிய என்னாத்துக்குடி கிழிச்ச?" செக்யூரிட்டி கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. நான் இழுக்கவில்லை, அவளாகத்தான் வந்தாள் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு பஸ் ஏறினார் என்று லைனில் இருந்த பெண்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு கல்யாணமான பெண்கள் அவர் பக்கத்தில் உட்காரச் சம்மதிக்கவில்லையாம். மேசையின் கோடியில் அவரைத் தனியாகப் போட்டார்களாம்.

மகளுக்கு உதடு தைத்த ஆஸ்பத்திரி வார்டில் அவரைப் பார்த்தேன். இலவசமாகச் செய்கிற இடம், நான்கைந்து மாவட்டத்துப் பிள்ளைகள் கிடந்தார்கள். அக்கா ஒவ்வொரு கட்டிலாகப் போய் அம்மாக்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டு, கையிலிருந்த தாளில் கோடு போட்டார். என் கட்டிலுக்கு வரவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாகலூர் வீட்டுக்கே வந்தார். மாமியார் உறவு வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா வாசற்படி ஏறவில்லை. இளைத்துப் போயிருந்தார்.

"அஞ்சு நிமிசம் புள்ள. ஆஸ்பத்திரில கேட்டது சிவப்புப் பெட்டி மட்டும்தான், பத்தாது. அதனால நல்லபடியா புள்ள பெத்தவங்களையும் தேடித் தேடிக் கேட்டேன். கம்பெனில, பஸ்ல, கோயில்ல. அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு."

"எதுக்கு?"

"நான் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேனே. அது தப்புன்னா உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் இல்ல? தெரிஞ்சுக்காம எப்படிக் கேக்கறது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பொய் சொன்னவள் நான். அவர் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, அதுதான் என்னைக் கொளுத்தியது என்று நினைக்கிறேன். "உங்க கோடுங்கள வெச்சு எம் பொண்ணு ஒதட்டை ஒட்ட முடியுமா?" என்று கத்தினேன். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"ஒட்ட முடியாதுதான்" என்றார். கையிலிருந்த தாளை மடித்து ஜன்னல் கம்பியில் செருகினார். என் மடியில் இருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்ணு ரெண்டும் உன்னாட்டமே" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

தாளை நான் கிழிக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது ஆனபோது இன்னொரு சூரிய கிரகணம் வந்தது, காலை நேரத்தில். அரையாண்டு லீவு. என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பம், எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மாமியார் கூடத்தில் உலக்கையை நிறுத்தினார். சும்மா ஒரு நாளிலும் அது நிற்கும் என்று என் கண்ணால் பார்த்தவள் நான், கை தட்டியவளும் நான்தான். அப்படி இருந்தும் எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலுக்குத் துப்பட்டா கட்டினேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மகள் என் பின்னாலேயே வந்தாள். "சித்திய ஏம்மா வெளிய விட மாட்டேங்கற?"

மாமியார் முந்திக்கொண்டார். "அந்தப் புள்ளைக்கும் உன்னாட்டம் ஒதடு பொளந்துடுமில்ல கண்ணு? உங்கம்மாவத்தான் ஒரு பாவி கையப் புடிச்சு இழுத்துக்கினு போயிட்டாளே."

இதை மகள் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். தையல் தழும்பைப் பள்ளியில் யாராவது கேலி செய்தால் அந்த முகம் தெரியாத பெண்ணைத்தான் திட்டுவாள். அன்றைக்கு என்னிடம் கேட்டாள். "அவங்க எங்கம்மா இருக்காங்க? எதுக்கு இழுத்தீங்கன்னு நான் ஒரு தடவ கேக்கணும்."

என் கை இன்னும் துப்பட்டா முடிச்சில் இருந்தது.

"யாரும் இழுக்கல. நானாத்தான் போனேன். பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்."

மாமியார் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், தங்கை வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனாள். மகள் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப உன்னாலதானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சற்றுமுன் அவள் கண்ணெதிரில் தாழ்ப்பாள் போட்ட நான் எந்த முகத்தோடு இல்லை என்பது? நானே நம்பாத ஒன்றை அவள் எப்படி நம்புவாள்? பீரோவைத் திறந்து புடவையைக் கலைத்துத் தாளை எடுத்தேன். ஒன்பது வருடம் கழித்து அப்போதுதான் பிரிக்கிறேன்.

கம்பெனித் தாள்தான். பென்சிலில் இரண்டு கட்டம். சிவப்புப் பெட்டி என்று எழுதி, கீழே உதடு பிளந்த பிள்ளைகளின் அம்மாக்கள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணமே வராதவர்கள் என்று ஒரு வரிசை, நிறையக் கோடுகள். கிரகணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தவர்கள், அதிலும் கோடுகள் இருந்தன. பச்சைப் பெட்டியில் நல்லபடியாகப் பிறந்த பிள்ளைகளின் அம்மாக்கள். அன்றைக்கு வெளியே இருந்தவர்கள் என்ற வரிசையில் களை எடுத்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், செங்கல் சுமந்தவர்கள் என்று சின்னதாக எழுதி, கோடுகள் தாளின் ஓரம்வரை போயிருந்தன.

எனக்குத் தெரிந்த அளவில் மகளுக்குச் சொன்னேன். இரண்டு பெட்டி எதற்கு, ஒன்றை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாந்து போவோம் என்றெல்லாம். என் குரலில் அக்காவின் வார்த்தைகள் கோணல்மாணலாக வந்தன. மாமியார் உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தாளைத் தரையில் விரித்துக் குனிந்து படித்தாள். பாதி புரிந்திருக்கும்.

"இதுல நான் எந்தக் கோடும்மா?"

வார்டில் அக்கா என் கட்டிலுக்கு வரவில்லையே, நாங்கள் இதில் இருக்க மாட்டோம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் தேடினேன். கடைசியில் இன்னொரு வரிசை இருந்தது. கிரகணத்தில் வெளியே வந்தவர்கள். அந்த வரிசை ஏறக்குறைய காலி. ஒரே ஒரு கோடு, பென்சிலை அழுத்தி நட்டது. பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில், "மாசமும் ஒத்துப்போகிறது."

அதன்மேல் விரலை வைத்துக் காட்டினேன். மகள் தன் விரலையும் பக்கத்தில் வைத்தாள்.

தான் சொன்னதற்கு எதிராக நிற்கிற அந்த ஒரு கோட்டை அக்கா போடாமல் விட்டிருக்கலாம். தலையில் மண் விழுந்த பிறகு யாரும் அவரை ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.